பேசிக்கொள்ளாத பாதிகள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் டவுன் பஸ்ஸில், அன்று நான் எடுக்கவேண்டிய வகுப்புக்காக ஃபின்ச் குருவியின் பாட்டைச் செல்போனில் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். காது மயிரில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஸ்பின்னிங் மில்லில் அறுந்த இழையை ஒட்டுகிற கை அது. சும்மா இருக்கும்போதும் கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தது.

"அத நிறுத்துதீயளா, இல்ல பிடுங்கி வெளிய எறியவா?" என்றார்.

எனக்கும் சுர்ரென்று ஏறியது. நிறுத்தாமல் பாடமே நடத்தினேன். பாடும்போது இந்தக் குருவியின் மூளையின் இடப்பாதியும் வலப்பாதியும் நொடிக்குள் பலமுறை மாறி மாறிப் பொறுப்பேற்கின்றன. நமக்கு இருப்பதுபோல் இரண்டையும் நேராக இணைக்கும் நரம்புக்கற்றை இதற்குக் கிடையாது. அடிமூளை வழியாகத்தான் சேதி போகிறது. ஆனாலும் பாட்டு அறுந்துபோவதில்லை என்றேன்.

"பெரிய அதிசயமாக்கும்" என்றார் அவர், முகத்தைத் திருப்பாமல். "எனக்கும் என் தம்பிக்கும் ஒரே மெஷினு. ஓட ஓட அவன் விட்டுட்டுப் போவான், நான் பிடிப்பேன். பேசி எட்டு வருசம் ஆச்சு. ஷிப்ட் மாத்துதப்ப ஒரு இழை அறுந்ததில்ல."

"உங்களுக்கு நடுவுல யாரு சேதி சொல்லுதா?" என்று குத்தலாகவே கேட்டேன்.

விரல் நின்றது.

"எங்கம்மா சொல்லிக்கிட்டிருந்தா. அவளும் போயிச் சேந்துட்டா. வேற என்ன தெரியணும் ஒமக்கு?"

மில் ஸ்டாப்பில் என் காலை மிதித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அடிமூளை போனால் குருவியின் பாட்டு நின்றுவிடும். அந்த மெஷினில் மட்டும் இழை ஏன் இன்னும் அறவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.