ஹூட்டில் பதிந்த ஐந்து விரல்கள்

மூன்று வருடங்களுக்கு முன், ருவான்வெல்லைக்குப் பக்கத்திலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. எனக்கு ருவான்வெல்லைக் கடைத்தெருவில் ஹாட்வெயார் கடை. என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. அமெரிக்காவில் ஜனங்கள் வேலையில்லாமல் திண்டாடிய முப்பதுகளில் செய்தது. துணி ஹூட்டை மடித்துவிட்டுத் திறந்தபடி ஓட்டலாம். தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது அப்பா வாங்கியது. அதன்மேல் எனக்கிருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது.

கடைக்கு வழக்கமாக வரும் ஓர் அம்மா, தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், மகளின் கல்யாணத்துக்கு அந்தக் காரைக் கேட்டார். பெரிய உபகாரம் செய்பவன் போலத் தலையாட்டினேன்.

கல்யாணத்தன்று காலை தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் காரை நிறுத்தியதும் வானம் கறுத்துவிட்டது. பெண் பட்டுச்சேலையில் தயார். கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். அவசரமாக ஹூட்டை இழுத்தேன். டர்ரென்று ஒரு முழம் கிழிந்தது. ஷோக்காகத் தெரிய வேண்டுமென்று வருடக்கணக்கில் மடித்தே வைத்திருந்ததில் மடிப்பெல்லாம் இற்றுப்போயிருந்தது. மானமே போய்விட்டது எனக்கு. "த்ரீவீல்ல போயிருங்க" என்று முணுமுணுத்தேன்.

பெண்ணின் முகம் வாடிப்போனது.

"இல்லங்க முதலாளி, இதுலதான் போகணும்" என்றார் அந்த அம்மா. "அஞ்சு வயசுல இவ ஒங்க காரத் தொட்டுட்டான்னு ஏசுனீங்களே! அழுதுகிட்டே வந்தா. 'ஒன் கல்யாணத்துக்கு அதுலயே ஏத்தி அனுப்புறேன்'னு அவங்கப்பா அன்னைக்கே சொன்னாரு. இப்ப அவரு இல்ல. சொன்ன வார்த்தை இருக்குல்ல?"

எனக்கு அது ஞாபகமே இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

அதற்குள் அந்த அம்மா, அன்று காலை வெட்டிய ரப்பர் பாலைப் பக்கத்து வீட்டில் ஒரு சிரட்டை வாங்கி வந்தார். பழைய வேட்டித் துண்டை அதில் தோய்த்துக் கிழிசலின் மேல் போட்டு, உள்ளங்கையால் அழுத்தினார். மேலே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்ததும் பால் உறைந்து துணியோடு ஒட்டிக்கொண்டது.

"தாங்குமா?" என்றேன்.

"எங்க லயத்துக் கூரையே இதுலதாங்க நிக்குது!"

கோயில் வரைக்கும் கொட்டோ கொட்டென்று கொட்டியது மழை. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. அந்தப் பெண் வழி நெடுகக் கார்க் கதவைத் தடவியபடியே வந்தாள். கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, நான் அழுதுகொண்டேதான் ஓட்டினேன்.

புது ஹூட் போடச் சொல்லி இப்போது பலரும் நச்சரிக்கிறார்கள். நான் போடவில்லை. மஞ்சளித்துப்போன அந்த ஒட்டில் அந்த அம்மாவின் ஐந்து விரல்களும் அப்படியே பதிந்திருக்கின்றன. தொடாதே என்று ஒரு குழந்தையை விரட்டியவன் நான். அந்தக் குழந்தையின் தாய் தொட்ட இடம்தான் என் காரை இன்றும் நனையாமல் காக்கிறது.