டாக்டர் எழுதாத மருந்து

திருவொற்றியூரில் இருபது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காத்திவாக்கத்திலிருந்து இறால் விற்க வரும் செல்வி, ஆறு வயது மகளுக்குக் காது வலி என்றால் நேராக என்னிடம்தான் வருவார். டாக்டர் சீட்டே இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுத்துவிடுவேன். அந்த வருடம் மட்டும் நான்கு முறை கொடுத்தேன்.

ஐந்தாம் முறை செல்வி டாக்டரின் சீட்டோடு வந்தார். அதில் வலிக்கான மருந்து மட்டுமே இருந்தது. டாக்டர் மறந்துவிட்டார் என்று நினைத்து, நானே ஆன்டிபயாடிக்கையும் சேர்த்து வைத்தேன்.

செல்வி அதை என் பக்கம் தள்ளினார்.

"டாக்டரு மறக்கலண்ணே. காய்ச்சல் இல்ல, சீழும் இல்ல, ரெண்டு நாள் பாக்கலாம்னாரு. எடுத்தவொடனே இத்த குடுத்துகினே இருந்தா, கிருமிய எதுத்து நிக்க ஒடம்பு சரியா கத்துக்காம போவலாமாம்."

"வலி அதிகமானா?"

"ஒடனே இட்டுகினு வரச் சொல்லிக்கீறாரு. அப்போ வேணும்னா அவரே எழுதுவாராம்."

எனக்கு முகம் சுண்டிப்போனது. "நாலு தடவையும் நான்தானேம்மா குடுத்தேன்" என்றேன்.

"நீ இன்னாண்ணே பண்ணுவ? நான் அழுதுகினு வந்து நின்னேன், நீ குடுத்த."

இரண்டு நாளும் எனக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் செல்வியே வந்து, வலி போய்விட்டது என்றார்.

அவர் என்னை மன்னித்துவிட்டார். ஆனால் அவர் அழுததால் மட்டும் நான் கொடுக்கவில்லை. "எனக்குத் தெரியாது, டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்ல எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதை இன்றுவரை செல்வியிடம் நான் சொல்லவில்லை.