பிஸ்கட் கடித்த நேரத்தில் கடந்த எல்லை

பாதி ஆயுளைப் பஸ் படிக்கட்டில் நின்றே கழித்த மனிதர், அடுத்த தெருவுக்குப் போவதற்கே யோசிக்கிற ஆளாகிவிட்டார். திருடனைக் கண்டு பயமில்லை, நாயைக் கண்டு பயமில்லை. குடியேற்ற அலுவலகத்தைக் கண்டால்தான் பயம்.

ஊரில் டவுன் பஸ் கண்டக்டர். இங்கே வந்த பிறகும் எல்லோரும் அவரைக் கண்டக்டர் என்றே கூப்பிட்டார்கள். நின்றபடி தூங்கினாலும் ஸ்டேஜ் மாறுவது அவருக்குத் தெரியும். ஒரு ஸ்டேஜுக்குச் சீட்டு வாங்கிவிட்டு, இறங்காமல் ஜன்னலையே வெறித்துக்கொண்டிருப்பவனைப் பின்மண்டையைப் பார்த்தே பிடித்துவிடுவார்.

மனைவி முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்காக மகளையும் கூட்டிக்கொண்டு முதலில் வந்துவிட்டாள். கண்டக்டர் வருவதற்கு வருடக்கணக்கில் இழுத்தது. மகளுக்குப் பால் பல் விழுந்து புதுப்பல் முளைத்து முடியும்வரை அப்பா என்பவர் போனுக்குள் இருந்த ஒரு முகம். அதுவும் சிக்னல் போனால் வாயைப் பிளந்தபடி உறைந்து நிற்கிற முகம். ஒருவழியாக வந்து சேர்ந்தார். குடும்ப வசிப்பு அனுமதிக்கு மனுவும் போட்டாயிற்று. முடிவு வரும்வரை இங்கேயே இருக்கலாம். ஆனால் முன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் மனுவைக் கைவிட்டதாகக் கணக்கு. ஊருக்குத் திரும்பி, முதல் படியிலிருந்து மறுபடி ஏற வேண்டும். அதற்குள் மகள் பள்ளிக்கூடத்தையே முடித்துவிடுவாள்.

மகள் முதல் சில வாரம் அவரை விருந்தாளி மாதிரிதான் நடத்தினாள். "வாங்கப்பா, உட்காருங்கப்பா, தண்ணி வேணுமாப்பா" என்று ஒரே மரியாதை. ஒருநாள் காலை பாத்ரூம் கதவைப் படபடவென்று தட்டினாள்.

"அப்பா, குளிக்கிறப்ப பாடாதீங்க! எதிர் வீட்டுல என் கிளாஸ் பொண்ணு இருக்கா. மானம் போகுது!"

கண்டக்டர் ஈரத் தலையோடு சமையலறைக்கு ஓடினார். "கேட்டியா? திட்டுறா! என்னைத் திட்டுறா!"

"சந்தோஷப்படுற லட்சணத்தைப் பாரு," என்றாள் மனைவி. "தரையைத் துடைங்க, வழுக்கி விழுந்தா உங்களையும் நான்தான் தூக்கணும்."

இந்தத் திட்டு நிலைக்க வேண்டுமென்றுதான் அவர் அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார். நண்பனை வழியனுப்ப விமான நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். வாசலிலேயே நின்று கையாட்டிவிட்டு வந்தார். கடற்கரைக்குப் போனால் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கமாட்டார். "கடல் எங்க வரைக்கும் நம்மளதுன்னு யாருக்குத் தெரியும்?" என்பார்.

இந்த நேரம் பார்த்து அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

"டேய் தம்பி, தாய்மாமன் நீ வராம என் பொண்ணுக்கு என்னடா கல்யாணம்?" என்றாள் அக்கா போனில்.

"அக்கா, வந்தா திரும்ப இங்க வர முடியாதுக்கா."

"திரும்ப எதுக்குடா போகணும்? இங்க உனக்கு என்ன, வெயிலா ஒத்துக்கலை?"

குடியேற்ற அலுவலகக் கவுண்டரில் கேட்டுப் பார்த்தாராம். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு அம்மாள், பெற்றவர் அல்லது பிள்ளை உயிருக்கு ஆபத்தாகக் கிடந்தால் மட்டும்தான் பயண அனுமதி உண்டு, அக்கா மகள் கல்யாணம் அதில் சேராது என்று சொல்லிவிட்டாராம்.

"அந்தம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி இருந்திருக்க மாட்டான்," என்றாள் அக்கா. மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. "சரி, சட்டம்னா சட்டம். ஆனா ஒண்ணு. என் வீட்டுக் கல்யாணத்துக்கு வராதவன் வேற எந்த நாட்டுக்காவது ஊர் சுத்தப் போனேன்னு காதுல விழுந்துச்சு, அப்புறம் இந்த அக்கா மூஞ்சியில முழிக்காதே."

"நான் மளிகைக் கடைக்கே யோசிச்சுத்தான்கா போறேன்."

அவர் சொன்னது பொய்யில்லை.

முதியோர் இல்லத்தில் வருடம் ஒருமுறை எல்லோரையும் வெளியே அழைத்துப் போவார்கள். ஆள் பற்றாக்குறை எந்த நாட்டிலும் உண்டு. வீட்டு மனிதர்கள் வந்து கை கொடுத்தால் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள்.

"வாங்க. ஆத்துல படகு, மதியம் சாப்பாடு. வீட்டுல உட்கார்ந்து சுவத்தோட பேசிட்டிருக்கிறதுக்கு ஒரு நாற்காலியைத் தள்ளுங்க," என்றாள் மனைவி.

"எந்த ஆறு?"

"ஊர்ல இருக்கிறதே ஒரு ஆறு."

அவள் தொழிலில் ஓட்டை விடாதவள். மாற்றுத் துணி, டயப்பர், மாத்திரை டப்பா, விழுங்கச் சிரமப்படுகிறவருக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். ஒவ்வொரு சக்கர நாற்காலியின் பிரேக்கையும் அழுத்திப் பார்த்தாள். எந்த நாட்டுக்குப் போகிறோம் என்பதை மட்டும் பார்க்கவில்லை. இல்லத்துக்காரர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அவர்களுக்கு அக்கரை என்றால் நல்ல சாப்பாட்டுக்கடை இருக்கிற இடம். அதை வெளிநாடு என்று சொல்லிப் பழக்கமே கிடையாது.

கண்டக்டருக்கு ஒப்படைக்கப்பட்டவர் பட்டாளத்தார். பழைய ராணுவக்காரர். பக்கவாதத்தில் இடது கையும் காலும் போய்விட்டன. குரல் மட்டும் அப்படியே இருந்தது. டயப்பர் கட்டச் சொன்னால், "அதைக் கொண்டுபோய் உன் மேனேஜருக்குக் கட்டு" என்பார்.

படகில் ஏறியதுமே கண்டக்டருக்குப் பழைய ரத்தம் ஓட ஆரம்பித்தது. பலகைப் பாலத்தின் ஓரம் நின்று, "ஏறுங்க ஏறுங்க, வழியில நிக்காதீங்க, உள்ள நிறைய இடம் இருக்கு" என்று எல்லோரையும் உள்ளே அனுப்பினார். தலையை எண்ணினார். படகு கிளம்பியதும் விசில் அடிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். பிறகு பட்டாளத்தாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். படகுக்காரர் கொடுத்த பிஸ்கட்டை இருவரும் ஆளுக்கொன்றாகக் கடித்தார்கள். தன்னுடையது தீர்ந்ததும் பட்டாளத்தார் கண்டக்டருடையதில் பாதியைப் பிடுங்கிக்கொண்டார். காற்று சுகமாக இருந்தது. கரை நெருங்கியது.

எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் சிணுங்கியது.

கண்டக்டர் எடுத்துப் பார்த்தார். பக்கத்து நாடு அவரை அன்போடு வரவேற்றிருந்தது.

"ஏம்மா!" அவர் போட்ட சத்தத்தில் நாலு பாட்டிகள் திரும்பிப் பார்த்தார்கள். "இது எந்த நாடு?"

மனைவி போனைப் பார்த்தாள். கரையில் பறந்த கொடியைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததைக் கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்த்ததில்லை.

"ஐயையோ. நான் கேக்கவே இல்லையேங்க."

"எல்லை எப்போ வந்துச்சு?" என்று படகுக்காரரிடம் பாய்ந்தார் கண்டக்டர்.

"நடு ஆத்துல, சார். நீங்க பிஸ்கட் தின்னுட்டிருந்தீங்களே, அப்போ."

ஸ்டேஜ் மாறியது தெரியாமல் கண்டக்டர் உட்கார்ந்திருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவர் முகத்தைப் பார்த்துப் படகுக்காரருக்கே பாவமாகிவிட்டது. "பயப்படாதீங்க. தண்ணி கணக்குல வராது. படகுல நம்ம கொடிதான் பறக்குது. தரையில கால் வெச்சாத்தான் போனதா அர்த்தம்." இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கண்டக்டர் கேட்கவில்லை. முங்குகிறவனுக்கு வைக்கோலும் தெப்பம். பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் இறங்க மாட்டேன்" என்றார்.

"அப்ப நானும் இறங்கலை," என்றார் பட்டாளத்தார். "அந்தக் கடையில உப்பே போட மாட்டான்."

மற்றவர்களை இறக்கிச் சோறு ஊட்ட வேண்டிய பொறுப்பு மனைவிக்கு. "அசையாதீங்க," என்று கணவரிடம் விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனாள்.

அசையாமல்தான் இருந்தார். பட்டாளத்தார் தன் போர்க்கதைகளைச் சொன்னார். எல்லாக் கதையிலும் அவரே ஜெயித்தார். நடுவில் ஒரு கதை பாதியிலேயே நின்றது.

"கண்டக்டர்."

"சொல்லுங்க மாமா."

"எனக்குப் போகணும்."

வெளியூர் போகிற நாளில் நீர் பிரிய வைக்கிற மாத்திரையைத் தள்ளித்தான் கொடுக்க வேண்டும். காலைப் பரபரப்பில் யாரோ வழக்கம்போலக் கொடுத்துவிட்டார்கள். கண்டக்டர் படகின் கழிப்பறைக்கு ஓடினார். அதற்குள் ஒல்லியான ஆள் ஒருவன் பக்கவாட்டில் நுழையலாம், நாற்காலி நுழையாது. கரையில், சாப்பாட்டுக்கடையின் பக்கத்தில், அகலக் கதவோடு ஒரு கழிப்பறை. வாசலில் சக்கர நாற்காலிப் படம்கூட வரைந்திருந்தார்கள்.

"மாமா, என் வீட்டுக்காரி வர்ற வரைக்கும்..."

"அவ வரலாம். அது நிக்காது."

"ஒரு பாட்டில் தரட்டுமா?"

"நடுப்படகுல, பட்டப்பகல்ல, பாட்டிலா? நான் என்னடா, பச்சக்குழந்தையா?" குரல் பட்டாளத்துக் குரல்தான். ஆனால் நல்ல கை நாற்காலியின் பிடியை இறுக்கிய இறுக்கில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. கண்ணில் தண்ணீர் நின்றது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்டக்டர் கரையைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். "சனியனே" என்றார். யாரைச் சொன்னாரோ. நாற்காலியின் பிரேக்கை எடுத்துவிட்டார்.

சரிவில் சக்கர நாற்காலியை முன்பக்கமாக இறக்கக் கூடாது. ஆள் குப்புறக் கவிழ்ந்துவிடுவார். தள்ளுகிறவர் முதலில் பின்னோக்கி இறங்கி, நாற்காலியைத் தன் பக்கமாக வாங்கிக்கொள்ள வேண்டும். மனைவி சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆகவே கண்டக்டர் சொந்தக் கரையைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, வெளிநாட்டுக்குள் பிரவேசித்தார்.

அதற்கப்புறம் பயப்பட நேரமில்லை. பட்டாளத்தாரின் நல்ல பக்கம் கழிப்பறைத் தொட்டிக்கு வரும்படி நாற்காலியை ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டு, கால்தட்டுகளை மடக்கினார். செயலிழந்த முட்டியைத் தன் முட்டியால் அணை கொடுத்தார். "மூக்கை முன்னால கொண்டு வாங்க மாமா. அப்படித்தான். எந்திரிங்க, திரும்புங்க, உட்காருங்க." வெளியே வந்து கதவைச் சாத்தி, காவலாக நின்றார். ஒரு சொட்டுக்கூடத் துணியில் படவில்லை என்று பட்டாளத்தார் உள்ளிருந்தே அறிவித்தார்.

திரும்புகிற வழியில், இல்லத்தில் வேலை பார்க்கிற நம்மூர்ச் சமையல்காரம்மா, "கண்டக்டர் அண்ணே, இங்க பாருங்க!" என்று போனை நீட்டிப் படம் எடுத்தாள். பின்னால் அந்நியக் கொடி படபடத்தது. நிம்மதியில் இருவரும் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்திருந்தார்கள். சமையல்காரம்மா படத்தை அப்போதே ஊர்க்காரர்களின் போன் குழுவில் போட்டுவிட்டாள்.

படகு கிளம்புவதற்குள் அக்கா கூப்பிட்டாள்.

"டேய்! கல்யாணத்துக்கு வர முடியாது, வேற நாட்டுக் கொடிக்குக் கீழ இளிக்க மட்டும் முடியுமோ?"

"அக்கா, ஒரு பெரியவருக்கு அவசரமா ஒண்ணுக்குக்கா..."

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுடா! ஒண்ணுக்குப் போக யாருடா நாடு விட்டு நாடு போவாங்க?" போனை வைத்துவிட்டாள்.

இக்கரையில் சாதாரணமாக யாரும் சோதிப்பதில்லை. அன்று பார்த்து ஒரு இளம் அதிகாரி நின்றிருந்தார். அவர் இருந்த அலுப்பில், முதியோர் கூட்டத்தைப் பார்த்து, போங்கள் என்று கையசைத்துவிட்டார். சீட்டு வாங்காதவன் எப்படி முழிப்பான் என்று கண்டக்டருக்கு அத்துப்படி. தன் முகத்தில் அந்த முழி இருப்பது அவருக்கே தெரிந்தது. தாங்க முடியவில்லை. அதிகாரியிடம் நேராகப் போய், பிஸ்கட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"நான் உங்களை ஒண்ணும் கேக்கலையே, சார்," என்றார் அதிகாரி பரிதாபமாக. காதில் விழுந்த பிறகு எழுதாமல் விட முடியாது. எழுதிக்கொண்டார்.

"தானா போய்த் தலையைக் குடுத்துட்டு வர்றீங்களே, உங்களை என்னதான் பண்றது!" என்றாள் மனைவி. அன்று இரவு முழுக்க அதையே சொன்னாள். அதற்கப்புறம் சொல்லவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும்வரை மகள் மறுபடி மரியாதைக்காரியாகிவிட்டாள். "காபி போடட்டுமாப்பா? பாடுங்கப்பா, பரவாயில்லை." கண்டக்டருக்குப் பாட்டே வரவில்லை.

விசாரணை நாளன்று பட்டாளத்தார் கூட வருவேன் என்று அடம்பிடித்தார். நல்ல சட்டை போட்டு, மெடல் குத்தி, தலை வாரிக்கொண்டு வந்தார். கவுண்டரில் அதே சங்கிலிக் கண்ணாடி அம்மாள்.

"நான்தான் சாட்சி," என்றார் பட்டாளத்தார். காத்திருந்த கூடம் முழுவதும் நிமிர்ந்தது.

"மெதுவா சொல்லுங்க ஐயா, எனக்குக் கேக்குது."

"எனக்கு மெதுவா வராது. அன்னிக்கு எனக்கு முட்டிக்கிட்டு நின்னுது. படகுல வழியில்லை. இவன் இறங்கலைன்னா எல்லார் முன்னாடியும் நனைச்சிருப்பேன். சண்டையில குண்டு பாய்ஞ்சப்பக்கூட நான் அவ்வளவு பயப்படலை. எழுதிக்குங்க."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"கரையில எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"அது என் கையிலயா இருக்கு? எப்ப வருதோ அப்பதான் வரும்."

"அவர் உங்களுக்கு உதவி செஞ்சாரு."

"உதவியா? சம்பளம் வாங்குறவங்ககூட அவ்வளவு சுத்தமா வேலை செய்ய மாட்டாங்க!"

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மாளின் பேனா நின்றது. "அப்படின்னா வேலை பார்த்தாரா? இவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லையே?"

பட்டாளத்தார் பொங்கினார். "வேலையா? ஒரு வாய் சோறு போட்டாங்களா அவனுக்கு? பட்டினியா உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு பிஸ்கட். அதுலயும் பாதியை நான் பிடுங்கித் தின்னுட்டேன்!"

அந்த அம்மாள் எழுந்து உள்ளே போனார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இன்னொரு அதிகாரியிடம் ஏதோ சொல்வதும், அவர் திரும்பிப் பட்டாளத்தாரைப் பார்ப்பதும் தெரிந்தது. பட்டாளத்தார் அவருக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

அந்த அம்மாள் திரும்பி வந்தார். "உங்களால தவிர்க்க முடியாத காரணம்னு பதிஞ்சிருக்கோம். மனு உயிரோட இருக்கு. இன்னும் பரிசீலனையிலதான் இருக்கு."

"பரிசீலனையிலதானா?" என்றார் கண்டக்டர்.

"பரிசீலனையிலதான். எப்ப முடியும்னு கேக்காதீங்க."

"கேக்கவே மாட்டேன்மா!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். வரிசையில் நின்ற ஒருவர், ஆள் சரியில்லை என்று ஒதுங்கி நின்றார்.

வீட்டுக்குப் போனபோது மகள் கதவருகிலேயே நின்றிருந்தாள். மனைவி உலை வைக்க நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

"என்னப்பா ஆச்சு?"

"போகச் சொல்லலை. இங்கதான் இருக்கேன்."

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போனாள். அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்ப என் சார்ஜரை எடுத்தா எடுத்த இடத்துல வெச்சுப் பழகுங்க! எத்தனை தடவை சொல்றது!"

கண்டக்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல், மனைவியைத் தேடிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.