கடையநல்லூர் மாடியில் முனகாத கட்டில்

மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து மானாவாரிப் பருத்திக் காட்டில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் உளி பிடித்தவர் ஒருவரும் கிடையாது. அப்படிப்பட்ட நான் சங்கரன்கோவிலில் செய்து நிறுத்தியவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். வருடக் கணக்கில் அடித்தாலும் ஆட்டம் காணாத தறிச் சட்டங்கள். அனுமதி கேட்டுத்தான் எறும்பு உள்ளே வரவேண்டும் என்கிற மாதிரி அடைத்துக்கொள்ளும் அலமாரிகள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பத்துப் பேர் ஏறி நின்றும் முறியாத ஒரு பெஞ்சு. ஒரு வக்கீல் வீட்டு மேசையில் ஒரு இழுப்பறையைத் தள்ளினால், உள்ளே அடைபட்ட காற்று முட்டிப் பக்கத்து இழுப்பறை தானாக வெளியே எட்டிப் பார்க்கும். வக்கீல் பயந்துபோய்த் திருநீறு பூசினார். இவை எல்லாவற்றுக்கும் மேலே, கடையநல்லூர் பாய் வீட்டு மாடியில் ஆணியும் போல்ட்டும் இல்லாமல் ஜப்பான் முறையில் நான் பூட்டிய கட்டில். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஏனென்றால், அந்த ஒன்றில்தான் என் பெயர் விட்டுப்போயிருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் ஊருக்கு வந்து வீட்டுக்கு மாடி எடுத்த காலம். மாடி எடுத்தால் அங்கே ஒரு டபுள் கட்டில் கிடக்க வேண்டும். கடையில் விற்ற கட்டில்கள் மேலே சன்மைக்கா ஒட்டிப் பளபளக்கும், மூலைக்கு மூலை போல்ட்டு முடுக்கியிருக்கும். ஆறே மாதத்தில் போல்ட்டு தளர்ந்து முனக ஆரம்பிக்கும். பாய் தன் மூத்த மகள் கல்யாணத்துக்கு அப்படி ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். மாப்பிள்ளை புரண்டு படுத்தால் கீழே அடுப்படி வரைக்கும் கேட்டதாம். பாவம், அந்த மனிதர் வெட்கப்பட்டு ஒரு வாரம் ஜமுக்காளத்தை விரித்துத் தரையில் படுத்தார்.

அடுத்த மகளுக்கு நாள் குறித்த கையோடு பாய் என் பட்டறைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, சத்தம் போடாத கட்டில் ஒண்ணு வேணும்."

"கட்டில் எங்க சத்தம் போடுது பாய்? போல்ட்டுல்லா போடுது."

"அப்ப போல்ட்டு இல்லாம செய்வீங்களா?"

"ஆணிகூட இல்லாம செய்வேன்."

"மாடிப்படி குறுகல், நடுவுல ஒரு திருப்பம் வேற. முழுக் கட்டில் ஏறாது. தனித்தனியாக் கொண்டு போயி மேல வச்சுல்லா மாட்டணும்?"

அங்கேதான் நான் முழித்தேன். ஆணி இல்லாமல் செய்துவிடலாம். அதைக் கழற்றி மாட்டவும் வேண்டும், முனகவும் கூடாது என்றால் யாருக்கும் முழி பிதுங்கும். ஆனால் பட்டறையில் பரம்பரைத் தச்சர்கள் இரண்டு பேர் சும்மா பேச வந்து உட்கார்ந்திருந்தார்கள். 'பருத்திக் காட்டுக்காரனுக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்?' என்று ஊரெல்லாம் சொன்னவர்கள். அவர்கள் காது கேட்கவே சொன்னேன்:

"ஒரு முனகல் வந்தாலும் உளிப்பையைத் தென்காசி ரயில்ல போட்டுட்டு ஊருக்குப் பருத்தி எடுக்கப் போயிருதேன் பாய்."

பாய் சிரித்துவிட்டு மடியிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தார். அவர் வளைகுடாவில் ஜப்பான்காரர்களின் முகாமில் சமையல்காரராக இருந்தவர். ஊருக்குத் திரும்பிய ஒரு ஜப்பான்காரர், இவர் பிரியாணிக்கு நன்றியாகவோ என்னவோ, அதைக் கொடுத்துவிட்டுப் போனாராம். மரத்தோடு மரம் பூட்டுகிற வித்தைகள் அத்தனையும் படம் படமாக இருந்தன. எழுத்து மட்டும் ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் ஒழுகுகிற மாதிரி மேலிருந்து கீழே இறங்கியது. எனக்கு அப்போது தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் படம் என்றால் ஒரு தரம் பார்த்தால் போதும், கை பிடித்துக்கொள்ளும்.

கட்டில் மூலைக்கு ஏற்ற பூட்டு ஒன்றைப் பிடித்தேன். வரிசையாக நாலு படம். முதல் படத்தில் வேலை முடிந்த மூலை. இரண்டாவதில் காலில் உள்ள துளைக்குள் ஒரு கை ஆப்பைச் செருகுகிறது. மூன்றாவதில் சட்டம் துளைக்குள் கீழே இறங்குகிறது. நாலாவதில் துளையும் சட்டத்தின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கும் தனித்தனியாக. அதை அளவு பார்த்துக்கொள்வதற்காகப் போட்டிருக்கிறான் என்று வைத்துக்கொண்டேன். ஆக, முதலில் ஆப்பு, அப்புறம் சட்டம். எவ்வளவு எளிது!

தேக்கில் செய்தேன். நாக்கின் கழுத்து ஒல்லி, நுனி பருமன், அடிப்பக்கம் மட்டும் சரிவு. துளையின் அடியிலும் அதே சரிவு. நாக்கை விடத் துளை கொஞ்சம் உயரம். எட்டு நாக்கு, எட்டுத் துளை. மயிரிழை பிசகவில்லை. பட்டறையில் பூட்டி நானே ஏறிப் படுத்தேன், புரண்டேன். ஒரு சத்தமில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் கடையநல்லூர் போனேன். குற்றாலத்துச் சாரல் அங்கேயும் தூறிக்கொண்டிருந்தது. கட்டை கட்டையாக மாடிக்கு ஏற்றிப் பூட்டி நிறுத்தினேன். பாயும் அவர் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். கட்டில் 'க்ரீ...ச்' என்றது. மச்சான் எழுந்திருக்க, ஒரு சட்டம் துளையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது.

"என்ன அண்ணாச்சி, இது கட்டிலா, ஈனுத மாடா?" என்றார் மச்சான். அவர் வாய்க்குப் பூட்டு எந்த ஜப்பான் புத்தகத்திலும் கிடையாது.

"தரை மேடு பள்ளம் வே. கொஞ்சம் பொறும்" என்றேன்.

"தரையாவது சும்மா கெடக்கு. தென்காசில என் சேக்காளி கடைல போல்ட்டுக் கட்டில் ரெடியா நிக்கி. நாலு மணி அசருக்குப் பாங்கு சொல்லுததுக்குள்ள இது சரியாகலைன்னா வண்டியை அனுப்பிருவேன்."

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் அறையைப் பார்க்க வருவார்கள். ஆப்பை இன்னும் ஆழமாக அடித்துப் பார்த்தேன், கனத்தைக் குறைத்துப் பார்த்தேன். அடிக்க அடிக்க ஆப்புதான் நைந்தது. உளிப்பையும் தென்காசி ரயிலும் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போயின.

அப்போது பாயின் வீட்டம்மா தேநீர் கொண்டுவந்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர் அவர். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, எந்தப் பக்கத்துலருந்து தொறந்தீங்க?"

"ஏன்மா? எல்லாரும் தொறக்குத பக்கந்தான்."

"எங்கிட்ட ஓத வருத புள்ளைகளும் மொத நாளு இப்பிடித்தான், பள்ளிக்கூடப் புஸ்தகம் மாதிரி பின்னாலருந்து தொறக்கும். நீங்களும் அப்பிடித்தான் பாக்கீங்க."

"இது அரபி இல்லம்மா, ஜப்பானு."

"எழுத்து எனக்கும் தெரியாதுண்ணே. ஆனா நல்ல அட்டை அந்தப் பக்கம் இருக்கு, தைச்சிருக்குதது வலக்கைப் பக்கம் இருக்கு. அப்ப படமும் வலத்துலருந்துதான வரணும்?"

"வந்துட்டா மேஸ்திரி" என்று மச்சான் ஆரம்பித்தார்.

"சும்மா இரும் வே!" என்று நான் போட்ட சத்தத்தில் தேநீர் தளும்பியது. அந்த அம்மாளைப் பார்த்துக் கத்தியதாக நினைத்துவிடாதீர்கள். எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வலது ஓரத்துப் படம்தான் முதல் படம்! நாக்கை உள்ளே விடு, கீழே இறக்கு, அடிச்சரிவு அடிச்சரிவைக் கவ்விக்கொள்ளும். மேலே மிஞ்சுகிற இடைவெளியில் கடைசியாக ஆப்பை அடி. நான் ஆப்பை முதலில் அடியில் செருகி, நாக்கை அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தேன். கவ்வ வேண்டியது கவ்வவே இல்லை; பட்டறையில் என் ஒற்றை ஆள் கனத்துக்குத் தாங்கியது, இங்கே இரண்டு பேருக்குத் தாங்கவில்லை. வெட்டினதில் குற்றமில்லை, வரிசையில்தான் குற்றம்.

ஆனால் பழைய ஆப்புகள் நைந்துவிட்டன. புதிதாகச் செதுக்க மாற்றுக் கட்டை இருந்தது, ஆனால் அது சாரலில் நமத்திருந்தது. ஈர ஆப்பை அடித்தால் வெயில் காலத்தில் காய்ந்து சுருங்கும், மறுபடியும் முனகும். இதற்குப் புத்தகத்தில் படம் இல்லை. பின்னால் திருப்பிப் பார்த்தேன், முன்னால் திருப்பிப் பார்த்தேன், இல்லை. இனி என் மூளைதான்.

எட்டு ஆப்புகளைச் செதுக்கி மடியில் கட்டிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் பொரிகடலை வறுக்கிறவரிடம் ஓடினேன்.

"என்னவே, கட்டையைக் கொண்டாந்திருக்கீரு?"

"கடலையை எறக்கும். இதை வறுக்கணும்."

"உப்புப் போடவா, காரம் போடவா?"

அவர் சிரித்தாலும் நல்ல மனிதர். மணல் சூட்டை அடக்கி, ஆப்பு கருகாமல், கையில் எடுத்துத் தட்டினால் 'டிங்' என்று ஒலிக்கும் வரை பிரட்டிக் கொடுத்தார். சூடு ஆறுவதற்குள் துணியில் சுற்றிக்கொண்டு மாடி ஏறினேன். நாக்கை விட்டேன், இறக்கினேன், ஆப்பை வைத்துக் கொட்டாப்புளி மரச்சுத்தியலால் தட்டினேன். வறண்ட ஆப்பு சாரல் காற்றை உறிஞ்சி உள்ளேயே உப்பிக்கொள்ளும், பிறகு அதை அசைக்க யானை வரவேண்டும்.

பாங்கு சத்தம் கேட்டபோது எட்டாவது ஆப்பும் இறங்கிவிட்டது. பாய் உட்கார்ந்தார். சத்தமில்லை. மச்சான் உட்கார்ந்தார். சத்தமில்லை. கீழே பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்களில் மூன்று பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். மச்சான் பொறுக்க முடியாமல் மேலே ஏறி நின்று குதித்தார்.

"யோவ், எறங்கும்! கட்டில் நிக்கும், மாடி இடிஞ்சிரும்" என்று பாய் பிடித்து இழுத்தார்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஒரு பெரியவர் குனிந்து மூலைகளைத் தடவினார்.

"ஆணியே காணோமே! எங்க வாங்கினது?"

நான் கொட்டாப்புளியோடு பக்கத்தில்தான் நிற்கிறேன். பாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஜப்பான் கட்டில். கப்பல்ல வந்தது."

அவர்கள் கீழே இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தகாரங்க முன்னால வாய் தவறி வந்துட்டு அண்ணாச்சி. நாளைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கிடுங்க."

பொறுத்தேன். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. அதே பூட்டில் நான் மேசை செய்தேன், நாற்காலி செய்தேன், பிரித்து ரயிலில் கொண்டுபோகிற புத்தக அலமாரி செய்தேன். அப்படி இருக்க, புளியங்குடிக்காரர் ஒருவர் என்னிடமே வந்து, "கடையநல்லூர்ல ஒரு ஜப்பான் கட்டில் கெடக்காம். போய்ப் பாத்துட்டு வந்து அதே மாதிரி செய்ய ஒங்களால ஏலுமா?" என்று கேட்டார்.

பாய் இப்போது இல்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். கட்டிலும் இருக்கிறது, ஒரு சத்தம் போடாமல் இருக்கிறது. அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பூட்டு ஜப்பான்காரனுடையது, அதை நான் மறைக்கவில்லை. வரிசையைக் கண்டுபிடித்தது உங்கள் தாயார், அதையும் எழுதிவிட்டேன். நான் எழுதாவிட்டால் உங்களுக்கே தெரிந்திருக்காது. மரத்தை அறுத்ததும் நாக்கும் துளையும் வெட்டியதும் ஆப்பை மணலில் வறுத்து அடித்ததும் நான். இனிமேல் யார் மாடிக்கு வந்து கேட்டாலும், கப்பலில் வந்தது என்று சொல்லக் கூடாது. சங்கரன்கோவிலிலிருந்து வந்து இன்னார் செய்தது என்று என் பெயரைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு வந்த அந்த மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொல்ல வேண்டும். முதலில் அவர்களிடம் சொல்லுங்கள்.