ஓக்கே போட்ட டிக்கெட்

போன வாரம் விழுப்புரத்திலிருந்து மருமகள் கைப்பேசியில் ஒரு சதுரத்தை அனுப்பிவிட்டு, "மாமா, போர்டிங் பாஸ் வந்துடுச்சு, ஒரு தடவ பாத்துடுங்க" என்றாள். துபாய்க்குப் போகிறவள் அவள். சரிபார்க்காமல் எதையும் விடமாட்டான் என்று குடும்பத்தில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிக் கட்டங்கள். முகர்ந்து பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள். வாசனையே இல்லை. எங்கள் காலத்து டிக்கெட்டுக்கு வாசனை உண்டு. தாளுக்குப் பின்னால் சிவப்பு கார்பன் பூசியிருக்கும். அது விரலில் ஏறி, விரலிலிருந்து சட்டையில் ஏறி, மாலையில் வீட்டில் சண்டையாக முடியும்.

திண்டிவனத்தில் ஒரு டிராவல்ஸ் கடையில் அந்தச் சிவப்பு விரல்களோடு ஆறு வருடம் உட்கார்ந்திருந்தேன். சென்னையை வளர்த்தது துறைமுகம் என்று பள்ளியில் எழுதி மார்க் வாங்கியவன் நான். மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்தபோது பாடம் கொஞ்சம் மாறியது. வளைகுடாவுக்கு விமானங்கள் பெருகியதும் மண்ணடி லாட்ஜுகளில் படுக்க இடமில்லை. ரத்தம் எடுக்கும் லேப், பாஸ்போர்ட் போட்டோ ஸ்டூடியோ, பெட்டிக்குக் கயிறு கட்டித் தருகிறவர் என்று எல்லாருக்கும் மீனம்பாக்கத்து ஓடுபாதை சோறு போட்டது. மேலே ஆட்கள் போனார்கள். அதே விமானத்தின் வயிற்றில் ஒலக்கூர் முருங்கைக்காய் போனது. விசா தேவையில்லை என்பதால் முருங்கைக்காய்தான் நிம்மதியாகப் போனது.

லீவில் வந்தவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. திரும்பிப் போக எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு முன்பே, 'நான் வருகிறேன்' என்று விமானக் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். ரீகன்ஃபர்ம் என்று அதற்குப் பெயர். சொல்லாவிட்டால் சீட் வேறொருவருக்கு. ஆனால் அதே டிக்கெட்டில் ஒரு கட்டத்துக்குள் 'ஓக்கே' என்று போட்டிருக்கும். இன்றைக்கு இடம் இருக்கிறது, நாளைய கதை தெரியாது என்பதுதான் அதன் பொருள். இரண்டாம் பாதியை யாரும் அச்சடிக்கவில்லை.

துபாயில் கிரேன் ஓட்டுகிற கோட்டக்குப்பத்து ஜமால் பாய், பயணத்துக்கு முதல் நாள் காலையில் சொல்லிவிட்டுப் போக வந்தார். ஊருக்கு வந்து ஆறு மாதம் முடிய இரண்டே நாள். தாண்டினால் விசா செத்துவிடும்.

"ரீகன்ஃபர்ம் பண்ணிட்டீங்களா பாய்?"

"அதான் ஓக்கேன்னு போட்டுக்கீதே சார். ஓக்கேவுக்கு மேல இன்னா ஓக்கே?"

சென்னைக்கு போன் கிடைக்கவில்லை. இருவரும் பஸ் ஏறினோம். "தங்கச்சி கல்யாணம் இத நம்பிக்கினு நிக்குது சார், பேஜாராப் பூடுச்சே" என்று வழியெல்லாம் புலம்பினார். நான் ஆறுதல் சொல்லவில்லை, விதியை விளக்கினேன். சுபாவம்.

விமானக் கம்பெனியின் கவுண்டரில் இருந்த அம்மாள் பட்டியலைப் பார்த்து, "உங்க சீட்ட நேத்தே கொடுத்தாச்சு சார்" என்றார்.

என் உத்தியோகத்தில் ஒரே ஒரு முறைகேட்டை அப்போது செய்தேன். "திங்கக்கிழமையே போன்ல சொன்னேனே மேடம். எங்க ரிஜிஸ்டர்ல இருக்கு."

"திங்கக்கிழமை எங்களுக்கு லீவு சார்."

ஜமால் பாய் அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். "இன்னா சார் நீங்க, பொய்ய ரீகன்ஃபர்ம் பண்ணாம வந்துட்டீங்க!"

அந்த அம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. அதனாலோ என்னவோ மறுபடி பட்டியலைப் புரட்டினார். "அதே ஃபிளைட்ல இன்னொருத்தரும் சொல்லல. அவரு சீட்ட நாங்க இன்னும் யாருக்கும் கொடுக்கல. அஞ்சு மணி வரைக்கும் அவரு பேசலேன்னா உங்களுக்கு. உக்காருங்க."

உட்கார்ந்தோம். பாயைப் போலவே ஓக்கேவை நம்பிய ஓர் ஆள், எந்த ஊரிலோ இன்னும் நம்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பிரார்த்தனை. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் பாய் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து அடித்தது. அந்த ஆள் பேசவில்லை. டிக்கெட்டில் புது ஸ்டிக்கர் ஒட்டித் தந்தார்கள்.

படியிறங்கும்போது பாய் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அவுரு யாருன்னு கேட்டுச் சொல்லுங்க சார். அவுருக்கும் எதுனா கல்யாணம் நிக்குதோ என்னமோ" என்றார். பெயரைச் சொல்ல விதியில்லை என்றேன். உண்மையிலேயே இல்லை.

இப்போது ரீகன்ஃபர்ம் இல்லை, கவுண்டர் இல்லை, காகித டிக்கெட்டும் இல்லை. யாருக்கோ போக வேண்டிய இடம் இன்றைக்கும் யாருக்கோ போகத்தான் செய்கிறது. எடுத்துக்கொண்டவர், அது யாருடையது என்று படியில் நின்று கேட்பதுதான் நின்றுபோயிற்று.