சைலன்ஸரில் ஒரு ஃபைனல் செக்கிங்

மூக்குக்கு உடனே தெரிந்துவிட்டது. கறை எடுக்கிற கன்!

பனியன் கம்பெனிப் பக்கம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். தைத்து முடித்த டீ-ஷர்ட்டில் மெஷின் எண்ணெய் பட்டிருந்தால், துப்பாக்கி போன்ற ஒன்றால் பெட்ரோல் வாடையடிக்கும் கெமிக்கலைப் பீய்ச்சிக் கறையை விரட்டுவார்கள். எழுத வருவதற்கு முன் அந்த செக்கிங் டேபிள்களுக்கு நடுவே கொஞ்ச காலம் திரிந்தவன் நான். இனிப்பாக ஆரம்பித்து, நெற்றிப்பொட்டில் போய் உட்காரும் வாசனை. இத்தனை வருஷம் கழித்து, ஊத்துக்குளி ரோட்டில், ஏசி போட்டு மூடிய காருக்குள் அது எப்படி வந்தது?

கார் என் பக்கத்து வீட்டுக் கதிர்வேலுடையது. சின்னதாய் ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறார். அடுத்த ஞாயிறு அவர் மனைவி கிருத்திகாவுக்குக் கட்டுச்சோறு. பெண் வீட்டார் தாராபுரத்திலிருந்து சோறு கட்டிக்கொண்டு வருவார்கள். விருந்து முடிந்ததும் ஏழு மாத கர்ப்பிணியைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். வருகிறவர்களுக்குப் பந்தியில் ஊற்ற ஊத்துக்குளி நெய்தான் வேண்டுமாம். பேச்சுத் துணைக்கு நான்.

"கதிரு... பெட்ரோல் வாசம் அடிக்குதே?"

"உங்களுக்குமா மசக்கைங்ண்ணா?" சிரித்தார். "கிருத்தியும் இதையேதாங்க சொல்றா. அம்மாவைக் கேட்டா, மாசமா இருக்கறவளுக்கு எல்லாமே நாறத்தான் செய்யும்ங்கறாங்க. அதுக்குத்தான் பாருங்க, இத்தனை சென்ட்டு!"

ஏசி காற்று வரும் இடத்தில் மல்லிகை. கண்ணாடிக்குக் கீழே ஆரஞ்சு. இரண்டுக்கும் நடுவில் பெட்ரோல் வாசனை, வீட்டு ஓனரைப் போல நிதானமாக உட்கார்ந்திருந்தது.

கதிர்வேலுக்குக் காரின் சத்தம் பிடிக்கும். வாங்கும்போது இருந்த சத்தம் அல்ல — வாங்கியபின் வரவழைத்த சத்தம். சைலன்ஸர் குழாயில் புகையைச் சுத்தப்படுத்த கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு நேர்குழாய் போட்டார். கிணற்றுக்குள் இடி உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கூடவே டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட்டும் வந்தது.

காரணம் இதுதான். குழாயில் இரண்டு ஆக்ஸிஜன் சென்ஸார்கள். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சுத்தம் சரியாக நடந்ததா என்று பின்னால் இருப்பது பார்க்கும். சுத்தம் செய்கிற சாமானே இல்லையென்றால்? லைட் எரியும்.

ஒர்க்‌ஷாப்காரர் கைவைத்தியம் செய்தார். குழாய்க்கும் பின் சென்ஸாருக்கும் நடுவே விரல் நீளத்தில் ஓட்டையுள்ள ஓர் இரும்புத் துண்டு. சென்ஸார் அதன்மேல் ஒதுங்கி உட்கார்ந்ததும் புகை நேராகப் படவில்லை. லைட் அணைந்தது.

"இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆயிருச்சுங்ண்ணா!" என்றார் கதிர்வேல் அன்றைக்கு.

எங்கள் ஊர் மூளை! சரக்கு வாங்குகிற பையரின் ஆள் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் நாளில், நல்ல பெட்டிகளாகப் பொறுக்கி அவர் கைக்கு எட்டும் இடத்தில் அடுக்கிவைக்கிற மூளை. எல்லாக் கம்பெனியிலும் நடப்பதில்லை... நடக்காத கம்பெனிக்காரர்கள் மன்னிக்கவும்.

நெய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது எனக்குத் தலை வலித்தது. ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தச் சொன்னேன். ஒர்க்‌ஷாப்காரர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஸ்கேனரைச் செருகிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வண்டி பெட்ரோலக் கூடக் கூட ஊத்துது சார்."

"முன் சென்ஸார் போயிருச்சுங்களா?" என்றார் கதிர்வேல்.

"அது நல்லாத்தான் இருக்கு. பின்னாடி உள்ளதுதான் பத்தல, பத்தலங்குது. இரும்புத் துண்டு போட்ட எடத்துல லீக். வெளிக்காத்து உள்ள போவுது. அந்தக் காத்தப் பாத்துட்டு, பெட்ரோல் கம்மின்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லுது."

பின் சென்ஸார் வெறும் வாட்ச்மேன் என்றல்லவா கதிர்வேல் நினைத்திருந்தார்? பாதிதான் சரியாம். எவ்வளவு பெட்ரோல் என்கிற நொடிக்கு நொடிக் கணக்கு முன் சென்ஸாருடையது. ஆனால் பல கார்களில், முன்னது சொல்வதைப் பின்னது மெல்ல மெல்லத் திருத்தவும் செய்கிறது. இந்தக் காரும் அந்த ரகம். ஏமாற்றப்பட்ட சென்ஸார் தப்பாகச் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி ஊற்றுகிறது. எரியாத மிச்சத்தைப் பிடித்து எரிக்கக் கன்வெர்ட்டரும் இல்லை. லைட் மட்டும் சமர்த்தாக அணைந்தே இருக்கிறது.

"அதே லீக் வழியா பொகையும் வெளிய வரும். மாசமா இருக்கவங்கள இதுல ஏத்தவே ஏத்தாதிய சார்."

"நீங்கதானுங்களே போட்டீங்க?"

"லைட் எரியக்கூடாதுன்னிய. எரியலைல்லா? வாசம் வரக்கூடாதுன்னு சொல்லலியே!"

கழற்றிய கன்வெர்ட்டர் கதிர்வேல் வீட்டுப் பரணில் பத்திரமாக இருந்தது. ஒரே நாள் வேலை. ஆனால் அவர், "கட்டுச்சோறு முடியட்டுங்க. சொந்தக்காரங்க பாக்கறப்ப, அந்த சவுண்டோட அவளைக் கொண்டுபோய் விடோணும்," என்றார். லீக்கின்மேல் ஏதோ பேஸ்ட்டை அப்பிக்கொண்டு கிளம்பினோம்.

அணைந்த லைட்டைச் சரியான வண்டி என்று நம்ப நமக்குத்தான் எவ்வளவு ஆசை!

ஞாயிற்றுக்கிழமை. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் ஆயிற்று. மாமனார் ஒரு வேனில் வந்திருந்தார். இருந்தாலும் கதிர்வேல் காரை வாசலுக்குக் கொண்டுவந்து இரண்டு முறை உறுமவிட்டார். சொந்தங்கள் திரும்பிப் பார்த்தன. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

கிருத்திகா கை நிறைய வளையலோடு வந்தார். கல்யாணத்துக்கு முன் அவர் ஒரு கம்பெனியில் ஃபைனல் செக்கிங் சூப்பர்வைசர். கதவைத் திறக்கவில்லை. நேராகக் காரின் பின்னால் போனார். டிக்கியிலிருந்து ஒரு வெள்ளைப் பனியன் துணியை உருவினார். கட்டிங் வேஸ்ட் இல்லாத கார் எங்கள் ஊரில் ஏது?

"என்னால குனிய முடியலீங்க. நீங்களே சைலன்ஸருக்குள்ள ஒரு தொடை தொடைங்க."

"எதுக்கு கிருத்தி இப்ப..."

"தொடைங்க மாமா."

துடைத்தார். துணி கண்மை போலக் கறுத்தது.

"ஏனுங்க, ஏழாம் மாசத்துலயும் மசக்கைங்களா?" என்றார் கிருத்திகா.

கதிர்வேலின் அம்மா திடீரென்று, தயிர்ச்சோற்றுத் தூக்கின் மூடியைச் சரிசெய்ய உள்ளே போய்விட்டார்.

"பேஸ்ட் வெச்சிருக்குது கிருத்தி... ஒண்ணும் ஆகாது."

"மாசக்கணக்கா ரிஜெக்ட்னு சொல்லிட்டிருக்கறேன். நீங்க சென்ட் அடிச்சு அடிச்சு பேக்கிங் போடறீங்க. எனக்காகச் சொன்னேன்னு நெனச்சீங்களா?" வளையல் கை வயிற்றின்மேல் இருந்தது.

கதிர்வேல் சாவியைத் திருகினார். உறுமல் நின்றது. தெருவில் இப்போது வளையல் சத்தம் மட்டும்.

"நாளைக்கே மாட்டிடறேன்."

"மாட்டுங்க. இன்னிக்கு நான் வேன்ல போறேன்."

அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கறுத்த துணியோடு கதிர்வேல் வேனுக்குப் பக்கத்தில் நின்றார். வேன் நகரப் போகும் சமயம் கிருத்திகாவின் கை ஜன்னலுக்கு வெளியே நீண்டது. அதில் கசங்காத இன்னொரு வெள்ளைத் துணி. அதைக் கதிர்வேலின் சட்டைப் பையில் செருகினார்.

"பாப்பாவப் பாக்க வர்றதுக்கு முன்னால இதுல தொடைங்க. வெள்ளையா இருந்தா கார்ல வாங்க. இல்லீன்னா பஸ்ல வாங்க... ஆனா வாங்க."