முற்றுப்புள்ளி வரைக்கும்

காலை இடைவேளை மணி அடித்து முடிந்திருந்தது. ஆசிரியர் அறை வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்காமல், என் முகத்தையே பார்த்தபடி நின்றார். இடது காதில் பஞ்சு வைத்திருந்தார். வியர்வை படாமலிருக்க பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு மாணவியின் அப்பா அவர். சங்கு குளிக்கப் போகிறவர்.

"டீச்சர், இதுல என்ன எழுதிருக்குன்னு ஒரு தரம் வாசிச்சுச் சொல்லுங்க. இனிமே கடலுக்குள்ள எறங்கவே கூடாதாம், மவ சொல்லுதா. நெசந்தானா?"

அவருடைய தோளுக்குப் பின்னால், எதிர் வகுப்பறையின் கதவோரம், அந்த மகள் நின்றிருந்தாள். அந்த இடைவேளையை எத்தனையோ முறை மனத்துக்குள் நடத்திப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறேன்.

அவர் என்னிடம் வந்ததற்கு நான்தான் காரணம். நாசரேத்தில் வளர்ந்தவள் நான். வீட்டில் இரண்டு தலைமுறையாக ஆசிரியர்கள். ஆங்கிலத்தைப் பாடப்புத்தகத்திலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் சேர்த்துக் கேட்டு வளர்ந்தேன். கீழவைப்பாரைத் தாண்டிய அந்தக் கடலோரப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது, என் மாணவர்களுக்கு ஆங்கிலம் என்பது கைடு புத்தகத்தின் பதினைந்து கட்டுரைகளாக இருந்தது. ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் ஒரு பக்கத்தை ஒப்பிப்பார்கள். நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டால் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள். எனக்கு மூச்சு முட்டியது.

அதனால் திங்கட்கிழமைகளில் ஒரு காரியம் செய்தேன். வீட்டில் கிடக்கும் ஆங்கிலம் எதுவானாலும் கொண்டுவரச் சொன்னேன். மாத்திரை அட்டை, மிதவைச் சட்டையில் தைத்திருக்கும் துணிச்சீட்டு, படகு எஞ்சினோடு வந்த தாள், வளைகுடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய சோப்பு உறை என்று வந்து குவிந்தன. நாலு பேர் நாலு பேராக உட்கார்ந்து வாசிப்பார்கள். பொருள் தெரியாத சொல்லை அகராதியில் தேடுவார்கள். சாயங்காலம் வீட்டில் ஒருவருக்கு அதைத் தமிழில் சொல்லிவிட்டு வரவேண்டும். இரண்டே விதிகள்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல், ஊகம் சொல்லாதே. முற்றுப்புள்ளி வரைக்கும் வாசி. பாதியில் நிறுத்தினால் பொருளே மாறிப்போகும்.

தலைமையாசிரியருக்கு இது பிடிக்கவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் தேர்ச்சி விகிதம் என்ற ஒன்று அவர் தலைமேல் எப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது. "பரீட்சைக்கு வராதத எதுக்கு நடத்துதிய, டீச்சர்? மாத்திர அட்டையா கேள்வியில வரப்போகுது?" என்பார். நானும் விடவில்லை. மாதங்கள் போகப் போக வகுப்பில் குரல்கள் வந்தன. தப்பும் தவறுமாக, ஆனால் சொந்தக் குரல்கள்.

அதில் முதல் குரல் அந்த மாணவியுடையது. கரகரப்பான குரல்; வாசிக்கும்போது ஒரு விரலை வரியின் கீழே நகர்த்திக்கொண்டே போவாள். தெருவில் யாருக்கு என்ன ஆங்கிலக் காகிதம் வந்தாலும் அவளிடம் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். அப்பாவுக்குக் காதிலிருந்து ரத்தம் வந்தபோது, தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனது அவள்தான். அம்மா ஏலக்கூடத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. செவிப்பறையில் ஓட்டை. டாக்டர் என்ன சொன்னார் என்பது அவர் காதில் ஏறவில்லை. சீட்டை மகள்தான் வாசித்துச் சொன்னாள்.

நான் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். மருந்துகளின் பெயர்களுக்குக் கீழே ஒரே ஒரு வரி. 'நோ டைவிங் ஃபார் எய்ட் வீக்ஸ், தென் ரிவியூ.' எட்டு வாரத்துக்குக் கடலில் முங்கக்கூடாது. அதற்குப்பின் மறுபடி வந்து காட்டவேண்டும். அவ்வளவுதான்.

நிமிர்ந்தேன். கதவோரம் நின்றவள் கெஞ்சவில்லை, தலையை ஆட்டவில்லை, கண்ணால்கூடச் சாடை காட்டவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு நான் காத்திருப்பேனே, அதுபோல அவள் என்னைப் பார்த்துக் காத்திருந்தாள்.

"நோ டைவிங்னு போட்டிருக்கு. கடல்ல முங்கக்கூடாதுன்னு அர்த்தம்," என்றேன்.

நான் சொன்ன சொற்களில் பொய் எதுவும் இல்லை. பாதி வரியில் நிறுத்திக்கொண்டேன், அவ்வளவே. அவர் சீட்டை மடித்து உறைக்குள் வைத்தார். "சரி டீச்சர்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மைதானத்தைக் கடந்து அவர் நடந்த நடையில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

மதியம் அவளைக் கூப்பிட்டேன். "முழு வரியும் உனக்குத் தெரியும்லா?"

"தெரியும் டீச்சர்."

"அப்புறம் ஏன்?"

"போன வருசம் எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் காது வலி. டாக்டர் இத்தன வாரம் இருன்னாரு, இருந்தாவ. அது முடிஞ்ச மறுநாளே போனாவ. வள்ளத்துல போன மத்தவுக எல்லாரும் மேல வந்துட்டாவ, டீச்சர்."

என் கையில் திருத்துவதற்கு நாற்பது நோட்டுகள் இருந்தன. அன்று ஒன்றைக்கூடத் திருத்த முடியவில்லை.

அவர் கடலை விட்டார். உப்பளத்தில் கூலிக்குப் போனார். வெயிலில் வெள்ளையாகக் கண்ணைப் பறிக்கிற பாத்திகளில் உப்பை வாரிக் கூடை கூடையாகச் சுமந்தார். பேருந்தில் போகும்போது சில நாள் பார்ப்பேன். அது அவர்தானா என்று உறுதியாகத் தெரியாது, ஆனாலும் பேருந்து திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா மீன் கூடையோடு விளாத்திகுளம் வரை அலைய ஆரம்பித்தாள். மகள் முதல் மணிக்குத் தாமதமாக வந்தாள், நான் கேட்கவில்லை. ஒரு மனிதரின் தொழிலை அவருக்குத் தெரியாமல் நாங்கள் இருவரும் சேர்ந்து பிடுங்கிவிட்டோம் என்று ஒரு நாள் தோன்றும். பிடுங்காமலிருந்தால் அவர் இருந்திருப்பாரா என்று மறுநாள் தோன்றும். திங்கட்கிழமை வகுப்பில் 'முற்றுப்புள்ளி வரைக்கும் வாசி' என்று சொல்ல வாயெடுத்தால், இரண்டாவது வரிசையிலிருந்து அவள் பார்ப்பாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று இரண்டு முறை அவர்கள் தெருமுனை வரைக்கும் போனேன். இரண்டு முறையும் அங்கே மாதா சிலை வைத்திருந்த கெபி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அவள் படித்தாள். பிளஸ் டூ, அப்புறம் தூத்துக்குடியில் கல்லூரி. இன்று துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் சரக்குப் பத்திரங்களைச் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறாள். ஒரு சொல் மாறினாலும் கண்டெய்னர் அப்படியே நின்றுவிடும், டீச்சர் என்று போனில் சொல்லிச் சிரிப்பாள். நான் இப்போது தூத்துக்குடியிலேயே ஒரு பள்ளியில் இருக்கிறேன். மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தவும் என்னைக் கூப்பிடுகிறார்கள். வீட்டுக் காகிதங்களை வைத்து எப்படிப் பாடம் நடத்தலாம் என்று பேசுவேன். தலையாட்டிக்கொண்டு குறிப்பெடுப்பார்கள். சென்ற மாதம் காயல்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஓர் இளம் ஆசிரியை கை தூக்கினாள். "மேடம், பிள்ளைங்க வீட்டுல போயி தப்பா அர்த்தம் சொல்லி, அதனால ஏதாவது ஆயிட்டா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி என்றேன். தண்ணீர் குடித்தேன். அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன்.

அந்தக் கேள்விதான் என்னைத் துரத்தியது. அடுத்த சனிக்கிழமை பேருந்து ஏறி அந்த ஊருக்குப் போனேன். இந்தமுறை தெருமுனையில் நிற்கவில்லை. அவர் வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து யாரோ கொடுத்த வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வலது பக்கம் வந்து உட்காரச் சொன்னார். இடது காது சுத்தமாகப் போய்விட்டதாம், வலதிலும் பக்கத்தில் பேசினால்தான் கேட்குமாம். நான் சுற்றி வளைக்கவில்லை. சீட்டில் எட்டு வாரம் என்றுதான் எழுதியிருந்தது, நான் பாதியை மறைத்தேன் என்று சொன்னேன்.

அவர் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும் டீச்சர். மறுநாளே மருந்துக்கடை அண்ணாச்சிகிட்ட காட்டுனேன். எட்டு வாரம்னு சொல்லிட்டாரு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை வருடங்கள்!

"அப்புறம் ஏன் போகல?"

"பயந்துட்டேன்," என்றார். ஊருக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். தன் குரலின் அளவு அவருக்குத் தெரியவில்லை. "தம்பி போனதுலருந்தே பயம். தண்ணிக்குள்ள தல போனதும் கை நடுங்கும். வள்ளத்துக்காரன்கிட்ட பயம்னு சொல்ல முடியுமா? நாலு பேரு சிரிப்பான். மவ அப்படி ஒண்ணு வாசிச்சா, நீங்களும் அதையே சொன்னிய. டீச்சரே சொல்லிட்டாவன்னு ஊருக்குச் சொல்லிட்டு உப்பளத்துக்குப் போயிட்டேன்."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பேருந்து நிற்கும் இடம் வரைக்கும் கூடவே வந்தார். சாலையோரம் வந்ததும் என் பக்கம் திரும்பி நின்றார்.

"மவகிட்ட இத சொல்லிராதிய. அவதான் என்னக் காப்பாத்துனான்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அந்தத் தைரியத்துலதான் படிச்சா, வேலைக்குப் போனா. இருந்துட்டுப் போட்டும்."

அவருக்குப் பின்னால் பேருந்து வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் ஹார்னை அழுத்திக்கொண்டே இருந்தார். அவருக்குக் கேட்கவில்லை. கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். பேருந்து உரசினாற்போல் வந்து நின்றது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்ல மாட்டேன்," என்றேன், அவர் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி ஒவ்வொரு எழுத்தாக.

பேருந்து புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. திரையில் அவருடைய மகளின் பெயர். உப்பளங்கள் கடந்து போய்க்கொண்டிருந்தன. அது அடித்து ஓயும் வரைக்கும் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.